சாரணர் அணிமுறை

சாரணர் அணிமுறை: சிறுவர்களை ஐந்து முதல் எட்டுப் பேர் கொண்ட சிறு அணிகளாகப் பிரித்து, அவர்களுள் ஒருவனையே தலைவனாக்கி, கானகத் தொழில்களையும் கூட்டுப்பொறுப்பையும் பழக்கும் முறை. தமிழில் ‘சாரணர்’ பழஞ்சொல். ஒற்றரையும் சமண முனிவரில் ஒரு பிரிவினரையும் குறித்தது. சிலப்பதிகாரத்தில் வரும் சாரணர் இப்பிந்திய பொருளினர்.

தோற்றம்: 1899–1900இல் தென்னாப்பிரிக்காவின் மஃபெகிங் நகர் 217 நாள் முற்றுகையில் இருந்தபோது, அங்கிருந்த சிறுவர் படை செய்தி கொண்டுசெல்லும் வேலையைச் செய்தது. நகரைக் காத்த பேடன் பவல் சாரணர் இயக்கத்துக்கான எண்ணத்தை இதிலிருந்தே கொண்டார் என்பது வழக்கமான கூற்று. அச்சிறுவர்களைத் திரட்டியவர் எட்வர்ட் செசில் என்பதால், பேடன் பவலின் நேரடிப் பங்கு எவ்வளவு என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. 1883இல் கிளாஸ்கோவில் வில்லியம் ஸ்மித் நிறுவிய சிறுவர் படையணியும், 1902இல் அமெரிக்காவில் எர்னெஸ்ட் தாம்சன் சீட்டன் தொடங்கிய கானகக் குழுக்களும் முன்னோடிகள். தம் கருத்துகளுக்கு உரிய மதிப்புத் தரப்படவில்லை என்பது சீட்டனின் மனக்குறை.

பிரவுன்சீ பாசறை: இங்கிலாந்தின் பூல் துறைமுகத்தில் உள்ள பிரவுன்சீ தீவில், 1907 ஆகஸ்டில் முதல் சோதனைப் பாசறை நடந்தது. ஆகஸ்ட் 1 முதல் 8 வரை என்பது பெருவழக்கு. 9 வரை என்போரும் உளர். வந்த சிறுவர்கள் 20 என்றும், 21 அல்லது 22 என்றும் கூறுவர். உயர்குடிப் பள்ளி மாணவரும் போர்ன்மத், பூல் ஊர்களின் சிறுவர் படையணிப் பிள்ளைகளும் ஒரே கூடாரத்தில் படுத்தது அக்கால இங்கிலாந்தில் எளிய செய்தியன்று. ஓநாய், காளை, அண்டங்காக்கை, கர்லூ என்னும் கடற்கரைப் பறவை ஆகிய பெயர்களில் நான்கு அணிகள். தோளில் கட்டிய கம்பளி நூலின் நிறம் அணியைக் காட்டும்: ஓநாய்க்கு நீலம், காளைக்குப் பச்சை, காக்கைக்குச் சிவப்பு, கர்லூவுக்கு மஞ்சள்.

விடியலில் பேடன் பவல் குடூ மானின் முறுக்குக் கொம்பை ஊதிப் பிள்ளைகளை எழுப்புவார். 1896இல் மாட்டபெலேப் போரில் அவர் கைக்கு வந்த கொம்பு அது. பகலில் முடிச்சு, தடம் அறிதல், உயிர் காத்தல். இரவுதோறும் ஓர் அணி முறைவைத்து மாவு, இறைச்சி, காய்கறி, தேயிலை, ஒரு சட்டி, தீப்பெட்டி ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டு, குறித்த இடத்துக்குத் தனியே போகும். தானே அடுப்பு மூட்டிச் சமைத்து உண்டு, காவல் நிற்கும். மற்ற அணித்தலைவர்களும் பேடன் பவலும் இருளில் பதுங்கி வந்து அக்காவலைச் சோதிப்பர். பதினொரு மணிக்கு முன் அது முடிந்ததும் பிள்ளைகள் அங்கேயே உறங்குவர். மாவு கெட்டால் அன்றைய பசி அவர்களுக்கே உரியது. வேறு ஆசிரியர் அங்கு தேவைப்படவில்லை. வெற்றிக்குக் காரணம் இந்த அணிப்பிரிவே என்று பேடன் பவல் தம் அறிக்கையில் குறித்தார்.

பரவல்: 1908 ஜனவரி முதல் இருவாரத்துக்கு ஒன்றாக, ஆறு பகுதிகளில் பேடன் பவலின் சாரணர் நூல் வெளிவந்தது. 1909இல் லண்டன் படிகமாளிகையில் நடந்த சாரணர் திரளுக்குச் சிறுமியரும் சீருடையில் வந்து நின்றனர். 1910இல் சாரணியர் இயக்கம் தனியே உருவாயிற்று. அணிமுறையை விரித்து 1914இல் நூல் எழுதிய ரோலண்ட் பிலிப்ஸ், 1916இல் சோம் போர்க்களத்தில் மாண்டார். சாரணத் தலைவர்களுக்கான கில்வெல் பயிற்சி 1919இல் தொடங்கியது. அங்கும் அதே கொம்பு ஊதப்பட்டது.

இந்தியாவும் இலங்கையும்: இந்தியாவில் சாரணர் இயக்கம் 1909இல் பெங்களூரில் தொடங்கியது, முதலில் ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியச் சிறுவர்க்கு மட்டும். இந்தியப் பிள்ளைகளுக்கு இடமில்லாமையால் அன்னி பெசன்ட், ஜி. எஸ். அருண்டேல் ஆகியோர் சென்னையில் தனிச் சங்கம் கண்டனர் (1916 என்றும் 1917 என்றும் கூறுவர்). அதன் சாரணர் தலைப்பாகை அணிந்து இந்தியப் பாடல்களைப் பாடினர். 1921இல் பேடன் பவல் இந்தியா வந்தபோது இது பொது அமைப்புடன் இணைந்தது. மாளவியா, குன்ஸ்ரு ஆகியோரின் சேவா சமிதி சாரணர் சங்கம் இணையவில்லை. 1950 நவம்பர் 7இல் பாரத சாரண சாரணியர் இயக்கம் அமைந்தது. சாரணியர் சங்கம் அடுத்த ஆண்டு சேர்ந்தது. இலங்கையில் 1912இல் மாத்தளையில் தொடக்கம்.

அண்மைக் காலம்: பிரவுன்சீ தீவு 1963 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறது. 2007 ஆகஸ்ட் 1 காலை 8 மணிக்கு, நூற்றாண்டை ஒட்டி அங்கு மீண்டும் குடூ கொம்பு ஒலித்தது.