விநாகிரியிடம் கேட்கவேண்டிய இரண்டு கேள்விகள்

எங்கட கல்யாணச் சஹன்களில் அச்சாறு இல்லாவிட்டால் புரியாணி இறங்காது. சிவப்பு வெங்காயம், பச்சை மிளகாய், பேரீச்சம்பழம், அரைத்த கடுகு, விநாகிரி சேர்ந்த இந்தப் பண்டத்தை நமக்குத் தந்தவர்கள் மலாய் மக்கள். இன்று அதை வீட்டிலேயே போத்தலில் அடைத்து விற்கும் பெண்கள் பலர். விநாகிரியையும் தாங்களே புளிக்கவைப்போர் உண்டு. அதனால்தான் அதன் வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

'காடி' என்ற நம் பழஞ்சொல் புளித்த கஞ்சிநீரையும் குறிக்கும், விநாகிரியையும் குறிக்கும். எங்கட பேச்சில் நிலைத்ததோ போர்த்துக்கேயர் வழிவந்த 'விநாகிரி'.

வீட்டில் வேறு கறி இல்லாதபோது நபி (ஸல்) அவர்கள் விநாகிரியையே புகழ்ந்து உண்ட செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. மது தானாகவே விநாகிரியானால் அது தூய்மையானது என்றனர் இமாம்கள். வேறொரு பொருளை இட்டு மாற்றினால் ஷாபிஈ மத்ஹபில் ஆகாது. ஹனபி மத்ஹபில் ஆகும். தென்னங்கள்ளில் விநாகிரி எடுக்கும் நாட்டில் இது வெறும் ஏட்டுச் சட்டமல்ல. 'எப்படி விநாகிரியானது?' என்பதே முதற் கேள்வி.

'எவ்வளவு புளிப்பு?' என்பது இரண்டாவது. இதற்கான விடை பிந்தித்தான் வந்தது. மதுவை விநாகிரியாக்குவது உயிருள்ள நுண்ணங்கி என்பதை 1860களில் பாஸ்டர் விளக்கினார். 1895இல் பெல்ஜியக் கிராமமொன்றில் உப்பிட்ட பன்றியிறைச்சி உண்டவர்களில் மூவர் இறந்தனர். அதை ஆராய்ந்த வான் எர்மெங்கம் என்பவர், காற்றில்லா இடத்தில் வளர்ந்து நஞ்சு சுரக்கும் பற்றீரியாவைக் கண்டறிந்தார். மூடிய போத்தலும் காற்றில்லா இடம்தானே! அந்த நஞ்சை நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்கா. பீ.எச். 4.6இற்குக் கீழே புளிப்பு இருந்தால் அந்தப் பற்றீரியா வளராது.

அதனால்தான் போத்தலில் அடைத்துவைக்கும் அச்சாற்றுக்கு 5 வீத அசற்றிக்கமிலம் உள்ள விநாகிரி கேட்கிறார்கள். வீட்டு விநாகிரியின் வீதம் நமக்குத் தெரியாது. ஒருமுறை எடுத்தது போல மறுமுறை வராது. மரக்கறியின் தண்ணீரும் அதை மேலும் நீர்க்கச் செய்யும். பீ.எச். தாளும் இங்கே உதவாது. புளிப்பு உண்டு என்று அது காட்டும், அமிலம் எத்தனை வீதம் என்று சொல்லாது. அதை அறிய, உயர்தர மாணவர்கள் செய்யும் நியமிப்புப் பரிசோதனை வேண்டும்.

வீட்டு விநாகிரியைக் கொட்டிவிடச் சொல்லவில்லை. சம்பலுக்கும் சலாதுக்கும் தாராளமாக ஊற்றுங்கள். அன்றன்று தின்னும் அச்சாற்றுக்கும் அது போதும். மாதக்கணக்கில் அலுமாரியில் இருக்கப்போகும் போத்தலுக்கு மட்டும், வீதம் அச்சிட்ட விநாகிரியை வாங்குங்கள். ஹலாலா என்று கேட்கப் பழகிய நாம், எத்தனை வீதம் என்றும் கேட்கப் பழகவேண்டும்.