முற்றம் தேடிச் சென்ற பள்ளி: போர்டி, கோஸ்பாட் மழலையர் சேர்க்கை வரலாறு

முன்னுரை

சேர்க்கைப் பதிவேடு பள்ளிக்கு வந்த குழந்தைகளையே காட்டும்; வாராத குழந்தைகளைக் காட்டாது. இந்திய மழலையர் கல்வி வரலாற்றில் வாராதோர் பற்றிய வினாவே பள்ளியின் வடிவத்தை மாற்றியது. இதனை மகாராட்டிரத்தின் போர்டி, கோஸ்பாட் ஆகிய ஊர்களின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

நகரப் பின்புலம்

கிஜுபாய் பதேகா 1920இல் குஜராத்தின் பாவ்நகரில் பாலமந்திர் என்னும் மழலையர் பள்ளியைத் தொடங்கினார். 1923இல் தாராபாய் மோடக் (1892-1973) அவருடன் இணைந்தார். மாண்டிசோரி முறைக்குரிய கருவிகள் விலை மிகுந்தவை. ஆதலின் அம்முறைப் பள்ளிகள் பெரிதும் நகரத்து வசதி படைத்த குடும்பங்களுக்கே எட்டின.

போர்டியில் சேர்க்கை

1945இல் தாராபாய், அனுதாய் வாக் (1910-1992) துணையுடன் கடலோரச் சிற்றூரான போர்டியில் ஊரகக் குழந்தைக் கல்வி மையத்தை நிறுவினார். சிப்பி, கூழாங்கல், விதை, இலை ஆகியன கற்பித்தற் கருவிகளாயின. பொருட்செலவு குறைந்தும் தாழ்த்தப்பட்டோர் குடியிருப்புக் குழந்தைகள் பள்ளிக்கு வரவில்லை. எனவே பள்ளியே அக்குடியிருப்பின் முற்றத்திற்குச் சென்றது. மராத்தியில் முற்றத்தைக் குறிக்கும் 'அங்கண்' என்னும் சொல்லடியாக 'அங்கன்வாடி' என்னும் பெயர் அமைந்தது. தமிழிலும் 'அங்கணம்' என்னும் சொல் திருக்குறளில் (720) பயின்றுள்ளமை ஈண்டு நினைக்கத்தக்கது.

கோஸ்பாட்டில் சேர்க்கை

1957இல் பணி வார்லிப் பழங்குடியினர் வாழும் கோஸ்பாட் குன்றுக்கு மாறியது. அங்குத் தடை வேறாக இருந்தது. மூத்த பிள்ளைகள் தம்பி தங்கையரைப் பேணினர், ஆடுமாடு மேய்த்தனர். ஆகவே குழந்தைக் காப்பகம், மழலையர் பள்ளி, தொடக்கப்பள்ளி மூன்றும் ஒரே வளாகத்தில் அமைந்தன. மேய்ப்போருக்காக மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு நடந்தது.

அரசுத் திட்டம்

1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 33 வட்டாரங்களில் தொடங்கப்பட்டபோது அதன் மையங்கள் அங்கன்வாடி என்றே பெயர் பெற்றன. எனினும் மையம் ஊரின் எப்பகுதியில் அமைகிறது என்பதே எக்குழந்தை சேரும் என்பதை முடிவு செய்தது. 2006 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை வழங்குமாறு ஆணையிட்டது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் 40 பேரேனும் இருந்து, மையம் இல்லாத குடியிருப்பினர் அதனைக் கோரிப் பெறலாம் என்றும் கூறியது.

முடிவுரை

போர்டியில் சாதியும் கோஸ்பாட்டில் உழைப்பும் சேர்க்கையைத் தடுத்தன. இரண்டிடத்தும் பெற்றோரைக் குறை கூறாமல் பள்ளி தன் இடத்தையும் அமைப்பையும் மாற்றிக்கொண்டது. சேர்க்கை எண்ணிக்கையைக் குடியிருப்பின் மொத்தக் குழந்தைகளோடு ஒப்பிட்டால்தான் விடுபட்டோர் புலப்படுவர் என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது.