மலையில் பெய்யும் மழையும் நம் வாசல் வெள்ளமும்



சேலத்தில் இரண்டு நாள் விடாமல் மழை பெய்தால், திருமணிமுத்தாறு கரை மீறுமோ என்றுதான் முதலில் கேட்கிறோம். அந்த ஆறு பிறப்பது சேர்வராயன் மலையில். மேலே தண்ணீர் எவ்வளவு நேரம் தங்குகிறதோ, அதைப் பொறுத்தே கீழே நம் தெருவின் பாடு.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபியை அறிமுகப்படுத்தினார். தோட்டங்கள் வந்ததில் காடு குறைந்தது. ஆனால் காபிக்கு நிழல் வேண்டுமே! அதனால் தோட்டங்களில் உயரமான மரங்களும் நின்றன. இலைகள் மழையின் வேகத்தைத் தணிக்கும். சருகும் வேரும் நீரை மண்ணுக்குள் இறக்கும். அதே சரிவில் மரத்தை வெட்டிக் கான்கிரீட் போட்டால், பெய்த மழை அப்படியே ஓடைக்கு இறங்கிவிடும்.

மலையை விட்டு இறங்கும் நீருக்கு அடுத்த தடுப்பு ஏரிகள். கன்னங்குறிச்சி மூக்கனேரி சுமார் 58 ஏக்கர். 2010இல் சேலம் மக்கள் குழு அதைச் சீரமைத்தது. தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரம் நட்டது. இன்று அங்கே பறவைகள் தங்குகின்றன. இதன் பலனை நீங்களே கணக்குப் போடலாம்: 58 ஏக்கரில் ஒரு மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் ஏறக்குறைய 23 கோடி லிட்டர். அத்தனையும் ஊருக்குள் ஒரேயடியாகப் பாயாமல் நிற்கும். கோடையில் கிணறுகளுக்கும் உதவும்.

இதற்கும் எல்லை உண்டு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்தது. மண் ஊறி, ஏரியும் நிறைந்த பிறகு வரும் மழையை மரமும் ஏரியும் தாங்காது. எனவே அடைப்பில்லாத வடிகாலும் ஆக்கிரமிப்பில்லாத ஓடையும் கட்டாயம் வேண்டும். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்பதில்லை.

நம் பங்கு? 10,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 செ.மீ. மழை பெய்தால் சுமார் 93,000 லிட்டர். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். நம் வளாகத்துத் தொட்டியில் மண் அடைத்திருந்தால் அது பெயருக்குத்தான் இருக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்கு முன், உங்கள் பிளாக்கின் குழாயையும் குழியையும் ஒருமுறை திறந்து பாருங்கள். அடைப்பு இருந்தால் சங்கத்திடம் சொல்லுங்கள்.