கோழி என்னாச்சு?

"ஏ தாயி, அன்னைக்கு ராத்திரி நாம எங்க போனோம்?"

"திருவண்ணாமலைக்கு."

"வீட்டுல எதை விட்டுட்டுப் போனோம்?"

"கோழிய."

"அது என்ன செஞ்சுக்கிட்டு இருந்துச்சு?"

"அடை கெடந்துச்சு."

தீப்பெட்டி ஒட்டுகிற சாயங்காலங்களில், பசைக் கிண்ணத்தை நடுவில் வைத்துக்கொண்டு எங்கம்மா கேட்ட கேள்விகள் இவை. எனக்கு அப்போது ஐந்து வயசு. திருவண்ணாமலை என்றதும் வடக்கே தீபம் ஏற்றுகிற ஊரை நினைத்துவிட வேண்டாம். இது ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கிற மலை. புரட்டாசி சனிக்கிழமைகளில் கூட்டம் நெரியும். நாங்கள் போனது புரட்டாசியில் அல்ல. 1997 கோடையில், நடுச்சாமத்தில்.

கட்டபொம்மனின் தளபதி வீரன் சுந்தரலிங்கம் பெயரில் அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்தை அறிவித்த வருசம் அது. தலித்தின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் கலவரம். உயிர்கள் போயின. அந்த வருசமே எல்லா மாவட்டங்கள், போக்குவரத்துக் கழகங்களின் பேரிலிருந்தும் தலைவர்களை எடுத்துவிட்டார்கள். காமராஜர் மாவட்டம் விருதுநகர் மாவட்டம் ஆயிற்று. ஏட்டில் வரலாறு இவ்வளவுதான். எங்கள் தெரு அதில் இல்லை.

எனக்கு அந்த ராத்திரி உண்மையிலேயே ஞாபகம் இருக்கிறதா, அம்மா பேசிப் பேசி வந்ததா? பிரிக்க முடியவில்லை. ராபின் ஃபிவுஷ் போன்ற உளவியலாளர்கள் 1980களிலிருந்து இதைத்தான் ஆராய்கிறார்கள். எங்கே, யாரோடு, அப்புறம் என்ன என்று கிளறிக் கேட்டு, பிள்ளை சொன்ன துணுக்கோடு தானும் சேர்த்துச் சொல்கிற தாய்மாரின் பிள்ளைகள், பின்னால் நடந்ததை விரிவாகச் சொல்கிறார்களாம். நியூசிலாந்தில் 2000இல் வந்த ஓர் ஆய்வில், வாய்மொழி மரபு வலுவாக உள்ள மாவோரி மக்களின் முதல் நினைவு சராசரியாக மூன்று வயதுக்கும் முன்னால் போயிற்று. வெள்ளையர்களுக்கு அதற்குப் பிந்தித்தான். எங்கம்மா இதை ஒரு குரோசுக்கு இத்தனை காசு என்று பெட்டி ஒட்டிக்கொண்டே செய்திருக்கிறாள்.

ஆனால் ஆய்வாளர்கள் கேட்டதோடு எங்கம்மா கேட்காததையும் கவனிக்க வேண்டும். நிலா, ஒடைமரம், சின்னம்மா செருப்பு அறுந்தது எல்லாம் கேட்பாள். "கோழி என்னாச்சும்மா?" என்று நான் கேட்டால், "பறந்துருச்சு." அவ்வளவுதான். பெட்டியைக் கையில் எடுத்துவிடுவாள். குடிசை எரிந்தது பத்து வயசில்தான் எனக்குத் தெரியும், அதுவும் பக்கத்து வீட்டுக் கிழவி சொல்லி. ஏன் மறைத்தாய் என்று கல்லூரிக்குப் போன திமிரில் சண்டை போட்டேன்.

"விடிஞ்சா அவுக காட்டுக்குத்தான களையெடுக்கப் போகணும். பிள்ளை வாய்ல எசகுபெசகா வந்துட்டா? கூலி போயிரும்."

வத்திராயிருப்பு பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த பாமா 1994இல் 'சங்கதி'யைப் பாட்டி, அம்மா, அக்கம்பக்கத்துப் பெண்களின் பேச்சிலிருந்தே கட்டினார். நம்மில் சிலர் இன்னும் அதைக் 'கதை' என்கிறோம். கல்வெட்டில் இருந்தால்தான் வரலாறாம். கல்வெட்டு வெட்டியவனுக்குக் கூலி போகிற பயம் இருந்திருக்காது.

என் மகளுக்கு இப்போது நாலு வயசு. போன மாசம் அம்மா மடியில் உட்கார்ந்து அதே கதை கேட்டாள்.

"கோழி என்னாச்சு அம்மாச்சி?"

அம்மா என்னை ஒருதரம் பார்த்தாள். "வெந்து போச்சு தாயி. முட்டையோட. வீட்டக் கொளுத்திட்டானுக."

"ஆரு?"

அம்மா தெருப் பேரைச் சொன்னாள். பிறகு ஆள் பேரையும் சொன்னாள்.