பாஸ்ராவில் எண்ணிக்கையாகிப்போன சிப்பாய்கள்: முதல் உலகப் போர்க் கல்லறைகளும் பெயர் பொறிப்பும்

வெளிநாட்டில் மாண்ட பிரித்தானியப் படையின் சாதாரணச் சிப்பாய்க்குத் தனிக் கல்லறை என்பது 19ஆம் நூற்றாண்டில் அரிது. பெருங்குழியே வழக்கம். 1914இல் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊர்திப் பிரிவுக்குத் தலைமை தாங்கிப் பிரான்சுக்குப் போன பேபியன் வேர், இறந்தவர்களைப் புதைத்த இடங்களைக் குறித்துவைக்கத் தொடங்கினார். அந்தப் பதிவேட்டு வேலையே வளர்ந்து, 1917 மே 21 அன்று அரச சாசனத்தின்படி பேரரசுப் போர்க் கல்லறை ஆணையமாயிற்று. இன்றைய காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் அதுவே.

ஆணையத்தின் அடிப்படைகள் இரண்டு. உடல்கள் தாயகம் திரும்பா. கல்லில் பதவி, செல்வ வேறுபாடு இராது. 1915 ஏப்ரலில் மாண்ட, முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டனின் பேரனது உடல் சிறப்பு அனுமதியுடன் ஊர் வந்தது. ஏழைக் குடும்பங்களுக்குக் கிட்டாத அச்சலுகைக்கு அதன்பின் இடமில்லாமல் போனது. ஆணையத்துக்காகப் பிரெடரிக் கென்யன் எழுதிய 1918ஆம் ஆண்டு அறிக்கை ஒரே அளவுக் கல்லை வலியுறுத்தியது: சுமார் 81 செ.மீ. உயரம், 38 செ.மீ. அகலம். சிலுவை வடிவக் கல் கேட்டுப் பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டும், 1920 மே 4 அன்று நாடாளுமன்ற விவாதத்தில் ஆணையத்தின் நிலையே நின்றது.

ஆனால் இச்சமத்துவத்துக்கு ஓர் எல்லைக்கோடு இருந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். பிரான்சின் நெவ் சப்பேலில் ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்து 1927 அக்டோபரில் திறக்கப்பட்ட நினைவகத்தில், கல்லறை அறியப்படாத 4,700க்கும் மேற்பட்ட இந்தியப் படைவீரர்களும் தொழிலாளர்களும் பெயரோடு இருக்கிறார்கள். ஒன்றரை ஆண்டுக்குள், 1929 மார்ச்சில், ஈராக்கின் பாஸ்ரா நினைவகம் திறக்கப்பட்டது. அங்கே பிரித்தானியர் அனைவருக்கும் பெயர் உண்டு. இந்திய அதிகாரிகளுக்கும் உண்டு. சிப்பாய்களுக்கோ படைப்பிரிவின் பெயரும், அதன்கீழ் இத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் மட்டுமே. இவ்வாறு எண்ணாகிப்போனவர்கள் 33,000க்கும் மேல். பெயர்கள் தாளில் இருந்தன, கல்லுக்குத்தான் வரவில்லை. போர்க்களக் குழப்பத்தை இதற்குக் காரணமாகச் சொல்வதை நான் ஏற்கவில்லை. இது மேசையில் எடுத்த முடிவு.

அம்முடிவுக்குப் பின்னால் ஓர் எண்ணமும் இருந்தது: இம்மக்கள் தனிக் கல்லையும் பெயரையும் பொருட்படுத்தமாட்டார்கள் என்பது. செங்கம் வட்டாரத்து நடுகற்களைப் பார்த்தவர் யாரும் இதைச் சொல்லத் துணியார். ஆநிரை மீட்டு விழுந்த ஊர்க்காவலனின் பெயரையும், அவன் யாருடைய சேவகன் என்பதையும், அரசனின் ஆட்சியாண்டோடு சேர்த்துப் பல்லவர் காலத்திலேயே கல்லில் வெட்டிய மண் இது. எரிப்பதும் புதைப்பதும் சமய வழக்கு; பெயரைக் கல்லில் வைப்பது வேறு. ஆணையம் முன்னதை மதித்தது, பின்னதைக் கைவிட்டது.

கிழக்கு ஆப்பிரிக்கக் களத்தின் நிலை இன்னும் மோசம். 1914 நவம்பரில் டாங்காவில் தோற்ற படையில் பாளையங்கோட்டையின் பெயர் தாங்கிய 63ஆம் காலாட்படையும் இருந்தது. அக்களத்தின் ஆப்பிரிக்கச் சுமைதூக்கிகளில் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை.

2021 ஏப்ரலில் ஆணையம் வெளியிட்ட அறிக்கை இதை ஒப்புக்கொண்டது. இந்தியர், ஆப்பிரிக்கர் உள்ளிட்ட 45,000 முதல் 54,000 பேர் சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டனர் என்றும், குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ அறவே நினைவுகூரப்படாமலோ விடப்பட்டனர் என்றும் அது கூறியது. பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதற்கு ஒரு நூற்றாண்டு ஆயிற்று.

தமிழ்நாட்டு ஆய்வாளருக்கு இதில் தனி வேலை உண்டு. இவ்வூரிலிருந்து இத்தனை பேர் பெரும்போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர்நீத்தனர் என்று சொல்லும் பலகைக் கற்கள் பழைய சென்னை மாகாணத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் உள்ளன. அவையும் எண்ணையே தருகின்றன. ஆணையத்தின் பதிவேட்டில் பல சிப்பாய்களின் பெயரோடு தந்தை பெயர், ஊர், தாலுகா, மாவட்டம் ஆகியவையும் இருக்கின்றன, இணையத்திலேயே தேடலாம். ஆங்கில எழுத்தில் சிதைந்த ஊர்ப்பெயர்களை அடையாளம் காண உள்ளூர் அறிவு வேண்டும். ஊர்க்கல்லின் எண்ணையும் பதிவேட்டின் பெயரையும் ஊர் ஊராக ஒப்பிடும் வேலையை வருவாய்க் கிராமப் பட்டியலை வைத்துக்கொண்டு தொடங்கலாம்.