கால் மைல் ஓட்டமும் கிழட்டு கியர்பாக்ஸும்

பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை என்றால் ஒன்று நினைவலைகள், இல்லாவிட்டால் அறிவுரை என்பது எழுதாத விதி. ஒரு மாறுதலுக்கு ஒரு கியர்பாக்ஸின் கதையை எழுதலாமே என்று தோன்றியது. மெக்கானிக்கல் படிக்காத நண்பர்களும் பயப்படாமல் படிக்கலாம். ஃபார்முலா ஒன்றுகூட வராது!

சோழவரத்து ஓடுதளம்

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்குச் சோழவரம் தெரிந்திருக்கும். குடிதண்ணீர் ஏரிக்குப் பேர்போன ஊர். இரண்டாம் உலகப் போரின்போது அங்கே ஒரு விமான ஓடுதளம் போட்டார்கள். போர் முடிந்தது, விமானங்கள் போயின, தளம் மட்டும் நின்றது. 1953-ல் உருவான மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்தத் தளத்தில் பந்தயம் நடத்த ஆரம்பித்தது. பியட், ஹெரால்டு, அம்பாசடர் என்று வீட்டுக் கார்களையே பிரித்து மேய்ந்து பந்தயக் காராக்கி ஓட்டினார்கள். 1980-களின் இறுதிவரை இது நடந்தது. 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் கிளப்பின் சொந்தப் பந்தயத் தடம் வந்த பிறகு சோழவரம் அடங்கிவிட்டது.

என் வயதுக்காரர்களுக்கு அதைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. ஆனால் எங்க ஊர் கோட்டைக்குப்பத்திலிருந்து பொன்னேரி வழியாகப் பஸ் பிடித்துப் போய்ப் பார்த்த பெரியவர்கள் இன்னமும் இருக்காங்க. ஏரியில் வலை இழுத்த கையோடு ரேஸ் பார்க்கப் போன கதையைக் கேட்டால் மணிக்கணக்கில் சொல்வாங்க.

சோழவரத்தில் பிரதானமாக நடந்தது சுற்றி வரும் சர்க்யூட் பந்தயம். அதே காலத்தில், அதே மாதிரி ஒரு தளத்தில், உலகத்தின் மறுகோடியில் வேறொரு பந்தயம் பிறந்தது. நம் கதாநாயகன் அங்கேதான் இருக்கிறான்.

கால் மைல் பந்தயம்

கலிபோர்னியாவில் போர் முடிந்து திரும்பிய இளைஞர்கள் பழைய ஃபோர்டுகளைப் பிரித்து, எஞ்சினை முடுக்கி, தெருவிலேயே பந்தயம் விட்டார்கள். விபத்து, போலீஸ், கெட்ட பெயர் எல்லாம் வந்தது. இதை ஒழுங்குபடுத்த 1950-ல் சாண்டா அனா விமான நிலையத்தின் ஓரத்துத் தளம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, நுழைவுக் கட்டணம் வாங்கிப் பந்தயம் நடத்தினார்கள். மறு வருஷமே, 1951-ல், வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அந்தச் சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1955-ல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் ஊரில் நடந்தது. அதுவும் போர்க்கால விமானத் தளம்தான்!

பந்தயம் ரொம்ப எளிமையானது. இரண்டு வண்டிகள், நேர்கோடு, கால் மைல். நம் கணக்கில் 402 மீட்டர். நின்ற இடத்திலிருந்து கிளம்பி யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறார்களோ அவர் ஜெயித்தார். இதற்குத்தான் டிராக் ரேஸ் என்று பெயர்.

எளிமையாகத் தெரிந்தாலும் எல்லாச் சிக்கலும் கிளம்பும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. எஞ்சினின் மொத்த பலமும் கிளட்ச் வழியாகச் சக்கரத்துக்கு ஒரே அடியில் போகிறது. கிளட்ச் பிளேட் எரியும், ஆக்ஸில் முறியும். கைமாற்றத்தில் கியர் விழாமல் போனால் பந்தயமே போச்சு. இதைவிட மோசம், ஃப்ளைவீலும் கிளட்சும் வெடித்துச் சிதறுவது. ஓட்டுபவரின் காலடியில் இருக்கும் சாமான் அது.

டாங்கியிலிருந்து வந்த பெட்டி

இங்கேதான் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் உள்ளே நுழைகிறது. ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1939-ன் கடைசியில் ஓல்ட்ஸ்மொபைல் காரில் ஹைட்ராமேட்டிக் என்ற பெட்டியைக் கொண்டு வந்தது. கிளட்ச் பெடல் கிடையாது, முன்னோக்கி நான்கு கியர், தானே மாறும். நகரத்து மக்கள் சொகுசாக ஓட்டச் செய்த சாதனம்.

போர் வந்ததும் இந்தச் சொகுசுப் பெட்டி டாங்கிக்குள் போனது. எம்-5 ஸ்டூவர்ட் என்ற இலகு டாங்கியில் இரண்டு காடிலாக் எஞ்சின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹைட்ராமேட்டிக். பல டன் இரும்பை இழுத்துச் சேற்றில் ஓடிய பெட்டி உறுதியானது என்று நிரூபணமாகிவிட்டது.

இது எப்படி வேலை செய்கிறது? எங்க ஊரில் இதை விளக்குவது சுலபம். இரண்டு படகுகளின் புரொப்பல்லர்கள் தண்ணீருக்குள் எதிரும் புதிருமாக இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மோட்டார் சுற்றினால், அது தள்ளும் தண்ணீர் மற்றதையும் சுற்றப் பார்க்கும். இரண்டுக்கும் நடுவே இரும்புத் தொடர்பே இல்லை. தண்ணீருக்குப் பதில் ஆயில், வெளியே ஒரு மூடிய உறை, அவ்வளவுதான் ஃப்ளூயிட் கப்ளிங். நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சக்கரத்தை வைத்துத் திரும்பி வரும் ஆயிலையும் உதவிக்கு இழுத்தால், கிளம்பும்போது முறுக்குவிசை ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அதற்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். எஞ்சின் அடிக்கும் அடியை ஆயில் வாங்கிக்கொள்வதால் ஆக்ஸில் பிழைத்தது.

இதை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர்களில் பாப் ஸ்பார், மார்ட் ஷூமன் என்ற இரண்டு பேர் முக்கியமானவர்கள். 1953-ல் பி அண்ட் எம் என்ற பட்டறையைக் கலிபோர்னியாவில் ஆரம்பித்தார்கள். பழைய ஹைட்ராமேட்டிக்கைப் பிரித்து, ஆயில் அழுத்தத்தைக் கூட்டி, கியர் எப்போது மாறவேண்டும் என்பதை ஓட்டுநர் கையில் கொடுத்தார்கள். ஹைட்ரோ ஸ்டிக் என்று பெயர் வைத்தார்கள். ஆட்டோமேட்டிக் என்பது வயசானவர்கள் ஓட்டுவது என்று கேலி பேசியவர்கள் வாயடைத்துப் போனார்கள்.

இரண்டே கியர்

ஆனால் கடைசியில் நின்றது நான்கு கியர் பெட்டி அல்ல. ஷெவர்லே 1950-ல் கொண்டு வந்த பவர்கிளைடு. இதில் இரண்டே கியர்! 1962-லிருந்து அலுமினிய உறையில் வந்து, 1973-ல் உற்பத்தி நின்றுபோன பெட்டி. தெருவில் ஓட்டியவர்கள் இதை மந்தம் என்று திட்டினார்கள். இம்பாலா கார் என்றால் ஒரு காலத்தில் நம் ஊரில் பணக்காரருக்கு மறுபெயர். அமெரிக்காவில் அந்த இம்பாலாக்கள் பலவற்றின் வயிற்றில் இருந்தது இதுதான்.

மந்தமான பெட்டி பந்தயத்தில் எப்படி ஜெயித்தது? பலமான எஞ்சினும் எடை குறைந்த வண்டியும் சேர்ந்தால் முதல் கியரின் பெருக்கம் அதிகம் தேவையில்லை. ஹைட்ராமேட்டிக்கின் முதல் கியர் 3.82 மடங்கு, பவர்கிளைடுக்கு 1.76 அல்லது 1.82 மட்டும். பெருக்கம் கூடினால் டயர் புகைவிட்டுச் சுற்றுமே தவிர வண்டி நகராது. அதோடு, 402 மீட்டரில் ஒரே ஒரு தடவை கியர் மாற்றினால் போதும். உள்ளே பாகங்கள் குறைவு, அதனால் பெட்டி தின்னும் சக்தியும் குறைவு.

பட்டறை மேஜையில்

பவர்கிளைடைப் பந்தயத்துக்குத் தயார் செய்வது எப்படி என்று மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். உள்ளே இருப்பது ஒரு பிளானட்டரி கியர் தொகுதி, ஒரு பேண்ட், இரண்டு கிளட்ச் தொகுதிகள். பேண்ட் என்பது டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை. அது பிடித்தால் முதல் கியர். அதை விட்டுவிட்டு ஹை கிளட்ச் பிடித்தால் இரண்டாவது கியர். மற்றொரு கிளட்ச் ரிவர்ஸுக்கு.

முதல் வேலை, தானே யோசிக்கும் உறுப்புகளைக் கழற்றுவது. வேகத்தைப் பார்க்கும் கவர்னரும், எஞ்சின் சுமையைப் பார்க்கும் வேக்குவம் மாடுலேட்டரும் வெளியே போகும். வால்வ் பாடி மாறும். இனி மாற்றுவது ஓட்டுநரின் கைதான்.

இரண்டாவது, ஆயில் அழுத்தம் கூட்டுவது, கிளட்ச் பிளேட்டுகளின் எண்ணிக்கையை அதிகமாக்குவது. இங்கே நிதானம் வேண்டும். பேண்ட் விடுவதும் கிளட்ச் பிடிப்பதும் ஒன்றோடொன்று கைகோத்துப் போகவேண்டும். பேண்ட் சீக்கிரம் விட்டால் எஞ்சின் சும்மா உறுமும், தாமதமாக விட்டால் இரண்டும் ஒரே சமயத்தில் பிடித்து உள்ளேயே மல்லுக்கட்டும். இதைச் சரி செய்வது ஆயில் போகும் துளையின் அளவும் பிளேட் இடைவெளியும்தான். சில ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தில் ஜெயிப்பதும் தோற்பதும்.

மூன்றாவது, டார்க் கன்வெர்ட்டர். சாதாரணக் காரில் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் எஞ்சின் 2,000 ஆர்.பி.எம். பக்கம் முட்டி நிற்கும். பந்தயத்துக்கு 4,000, 5,000 என்று உயர்த்தினால் எஞ்சின் முழு பலத்தோடு கிளம்பும்.

நான்காவது, டிரான்ஸ் பிரேக். முதல் கியரையும் ரிவர்ஸையும் ஒரே நேரத்தில் பிடிக்க வைத்தால் பெட்டி பூட்டிக்கொள்ளும். எஞ்சின் முழு வேகத்தில் கத்தும், வண்டி அசையாது. விளக்கு எரிந்ததும் பட்டனை விட்டால் ஒரு சொலினாய்டு ரிவர்ஸ் கிளட்சின் ஆயிலைக் கொட்டிவிடும், வண்டி பாயும். அபார மூளை!

ரத்தம் சிந்திய பாடம்

ஒரு எச்சரிக்கை. 1970 மார்ச் 8 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் அருகே லயன்ஸ் பந்தயத் தடத்தில், அன்றைய முன்னணி வீரர் டான் கார்லிட்ஸ், தாமே உருவாக்கி வந்த இரண்டு கியர் பெட்டியோடு கிளம்பினார். கிளம்பும் கோட்டிலேயே பெட்டி வெடித்தது. வண்டி இரண்டு துண்டானது, அவருடைய வலது பாதத்தின் முன்பகுதி போய்விட்டது. ஆஸ்பத்திரியில் படுத்தபடியே எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைக்கும் வண்டியை யோசித்தார். 1971-ல் அதைக் கட்டி ஓட்டி ஜெயித்தும் காட்டினார். விரைவிலேயே எல்லோரும் அந்த அமைப்புக்கு மாறினார்கள். இன்று அங்கே குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஓடும் வண்டிகளின் கியர்பாக்ஸுக்குக் கவசம் கட்டாயம். டிரம் எவ்வளவு வேகம் தாங்கும் என்று தெரியாமல் அழுத்தத்தைக் கூட்டுவது வீரம் இல்லை.

நமக்கு ஏன் வரவில்லை?

நம் நாட்டில் 1950-களுக்குப் பிறகு இறக்குமதிக் கட்டுப்பாடு. 1928-லிருந்து பம்பாயில் கார் பூட்டிக்கொண்டிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-ல் கடையை மூடியது. மிஞ்சியது அம்பாசடர், பியட், சென்னையில் செய்த ஸ்டாண்டர்டு. எல்லாம் கையால் மாற்றும் கியர். சோழவரத்துக்காரர்கள் கிடைத்ததை வைத்து வித்தை காட்டினார்கள். கோவையின் கரிவரதன் மாருதி 800 எஞ்சினை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தயக் காரே செய்தார். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் பெயரில் 2003-ல் கோவையில் பந்தயத் தடம் வந்தது.

அன்று நமக்கு ஓடுதளம் இருந்தது, பெட்டி இல்லை. இன்று நிலைமை தலைகீழ். ஆவடியில் உருவான அர்ஜுன் டாங்கியில் ஜெர்மனியின் ரெங்க் பெட்டி. ஓரகடத்தில் 2010-லிருந்து அலிசன் கம்பெனி. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து தினமும் ஆட்டோமேட்டிக் கார்கள் வெளியே வருகின்றன. பெட்டிக்குப் பஞ்சமே இல்லை.

ஆனால் ஒரு மாணவன் சனிக்கிழமை சாயங்காலம் தன் வண்டியைக் கொண்டு போய், கட்டணம் கட்டி, ஹெல்மெட் மாட்டி, கால் மைல் ஓட்டிப் பார்க்க நம் வட்டாரத்தில் நிரந்தரமாக ஓர் இடம் இல்லை. இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் சைக்கிள் டிராக் போட்டிகள் நடந்திருக்கின்றன. அவை போட்டிக்காரர்களுக்கு. மற்ற பையன்கள் எங்கே போகிறார்கள்? ராத்திரியில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் மெரினாவுக்கும். மறுநாள் பேப்பரில் செய்தி வருகிறது. கலிபோர்னியாவில் 1950-க்கு முன்னால் இருந்த அதே நிலைமை. அவர்கள் கண்ட மருந்து தடியடி மட்டும் இல்லை, ஒரு ஓடுதளமும்கூட.

இரண்டாவது குறை, திறந்து பார்க்கும் பழக்கம் போனது. புதுப் பெட்டி பழுதானால் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கிறோம், மொத்தமாக மாற்றுகிறோம். பவர்கிளைடோ 1973-ல் நின்றும் சாகவில்லை. உறை, ஷாஃப்ட், டிரம், கியர் என்று எல்லாவற்றையும் சிறு கம்பெனிகள் புதிதாகச் செய்கின்றன. ஜெனரல் மோட்டார்ஸ் செய்த பாகம் ஒன்றுகூட இல்லாத பவர்கிளைடு இன்று பந்தயம் ஓடுகிறது! காரணம், அதன் ஒவ்வொரு துளையும் எதற்கு என்று தெரிந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள்.

ஆகவே சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். இந்த வருஷ நன்கொடையில் ஒரு பழைய ஆட்டோமேட்டிக் பெட்டியை வாங்கி லேபுக்குக் கொடுப்போம். கண்ணாடி அலமாரியில் வைக்க வேண்டாம், மாணவர்கள் பிரித்துப் பூட்டட்டும். தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பூட்டும்போது ஒரு வாஷர் மிச்சமானால் சிரித்துவிட்டுப் போகாதீர்கள். மறுபடி பிரியுங்கள். அது எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்கிற வரைக்கும் வீட்டுக்குப் போகாதீர்கள்.