சோகை தீர்த்த மலிவு மருந்து

ஷாதிபூரில் எங்கள் அண்டை வீட்டுக் கர்ப்பிணி நாள்தோறும் விழுங்கும் மாத்திரையில் இரும்புடன் ஃபோலிக் அமிலமும் சேர்ந்திருக்கிறது. அவ்விரண்டாம் சரக்கின் வரலாறு, நேயர்களே, நம் நாட்டில் தொடங்கியதாகும்.

1928-ஆம் ஆண்டில் லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளப் பெண்கள் பலர் கருவுற்ற காலத்தில் உயிரைக் குடிக்கும் சோகைக்கு ஆளாகியிருந்தனர். அவர்தம் இரத்தத்தில் சிவப்பணுக்கள் குறைந்திருந்தன. இருந்தவையோ அளவு மீறிப் பருத்திருந்தன. இச்சோகை இரும்பினால் தீரவில்லை. மேன்மேலும் இரும்பைப் புகட்டுவதும் ஆகாது. மிகையானதை வெளியேற்றும் வழி உடலுக்குப் பெரிதும் இல்லை. ஈரல் சத்து குணமளிக்கும். ஆனால் ஏழைக்கு அதன் விலை எட்டாது.

குன்னூர்ப் பாஸ்டர் நிலையத்திலும், 1931-இல் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா மருத்துவமனையிலும் அம்மையார் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். அப்பெண்களின் உணவையொத்த உணவையே தின்று சோகையுற்ற குரங்கொன்று மார்மைட்டினால் தேறியது. பீர் வடித்தபின் எஞ்சும் ஈஸ்ட்டின் சாறுதான் அது! தாய்மாரும் அதனால் பிழைத்தனர். 1931-இல் முடிவு அச்சேறியது.

சாற்றிலிருந்த அப்பொருளைக் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, 1941-இல் ஃபோலிக் அமிலம் எனப் பெயரிட்டனர். இலத்தீனில் 'ஃபோலியம்' என்றால் இலை. மொழிபெயர்ப்பாளனாகிய எனக்கு 'இலையமிலம்' என்றெழுத ஆசை. மருந்துக்கடைக்காரருக்குப் புரிய வேண்டுமே! 1970-இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் இரும்பும் அதுவும் ஒரே மாத்திரையில் இடம்பெற்றன.